ஜெனரிக்ஸ்: அளவைச் சொல்லாமல் பாடம் முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினி இணைப்பில் நிரல் மொழிகள் குறித்து வெளிவரும் தொடரில், ஜெனரிக்ஸ் (ஒரே நிரலைப் பல டைப்புகளுக்கும், அதாவது தரவு வகைகளுக்கும், பொதுவாக எழுதும் வசதி) பற்றிய பகுதியைப் படித்தோம். தமிழில் இப்படி ஒரு தொடர் வருவதே பெரிய காரியம். ஆனால் ஒரு ஃபங்ஷனை ஜெனரிக்காக எழுதிவிட்டால் எந்த டைப்புக்கும் பொருந்தும், மற்றதைக் கம்பைலர் (நிரலை மெஷின் கோடாக மாற்றும் மென்பொருள்) பார்த்துக்கொள்ளும் என்று அதில் ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். கம்பைலர் முதலில் பார்ப்பது அந்த டைப் எத்தனை பைட் என்பதைத்தான். இந்தச் சங்கதியைச் சொல்லாமல் விடுவதால், ரஸ்ட் மொழி படிக்க வரும் மாணவர்கள் இ0277 (டைப் நிபந்தனைக்குப் பொருந்தவில்லை) என்ற பிழையில் மாட்டிக்கொண்டு, யாரோ சொன்னார்கள் என்று கண்ட இடத்திலெல்லாம் பாக்ஸ் (மதிப்பை ஹீப் எனும் தனி மெமரிப் பகுதியில் வைத்து, அதன் முகவரியை மட்டும் வைத்துக்கொள்ளும் டைப்) போட்டு ஒப்பேற்றுகிறார்கள். நிரல் ஓடிவிடும். ஏன் ஓடியது என்பது மட்டும் கடைசிவரை புரியாது. இடம் தருவீர்கள் என்ற நம்பிக்கையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

ஒரு ஃபங்ஷனுக்குள் நுழைந்ததும், அதன் லோக்கல் வேரியபிள்கள் அனைத்துக்கும் சேர்த்து ஸ்டாக் பாயின்டர் (ஃபங்ஷன்களின் தற்காலிக மெமரியான ஸ்டாக்கின் நுனியைக் காட்டும் முகவரி) ஒரே தடவையில் கீழே இறக்கப்படுகிறது. எத்தனை பைட் இறக்குவது என்ற எண் மெஷின் கோடிலேயே பதிந்திருக்கும். இந்த வேரியபிள் 8-ஆவது பைட்டில், அடுத்தது 24-ஆவது பைட்டில் என்ற இடக்கணக்கும் அப்படியே பதிந்துவிடும். அர்ரேயில் ஓர் உறுப்பை எடுக்க, தொடக்க முகவரியோடு வரிசை எண்ணையும் ஓர் உறுப்பின் அளவையும் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஒரு மதிப்பை இன்னொரு ஃபங்ஷனுக்கு அனுப்பும் விதமும் அளவைப் பொறுத்ததே. லினக்ஸில் 64-பிட் எக்ஸ்86 சில்லுகளுக்கான சிஸ்டம் வி என்ற ஃபங்ஷன் அழைப்பு மரபுப்படி, சி மொழியின் ஸ்ட்ரக்ட் (பல உறுப்புகளைச் சேர்த்த டைப்) 16 பைட்டுக்குள் இருந்தால் பொதுவாக ரெஜிஸ்டர்களில் (சில்லுக்குள்ளேயே உள்ள சிறு சேமிப்பிடங்கள்) போகும். அதைத் தாண்டினால் மெமரி வழியாகத்தான் போகும். ஜெனரிக் ஃபங்ஷனில் டைப் என்ற இடத்தில் வெறுமனே டி என்று எழுதிவிட்டால், இந்த எண்கள் எதுவும் கம்பைலர் கையில் இல்லை.

அளவு என்றால் உறுப்புகளைக் கூட்டிப் போட்டால் வருவது என்றும் எண்ணிவிடக் கூடாது. முதலில் ஒரு பைட், நடுவில் டி, கடைசியில் ஒரு பைட் என்று மூன்று உறுப்புள்ள ஒரு ஜெனரிக் ஸ்ட்ரக்டை எடுத்துக்கொள்வோம். டி ஒரு பைட் என்றால் மொத்தம் 3 பைட். டி இரண்டு பைட் எண் என்றால் சி++ மொழியில் 6, ரஸ்ட்டில் 4. நான்கு பைட் எண் என்றால் 12-உம் 8-உம். எட்டு பைட் எண் என்றால் 24-உம் 16-உம். சி++ நாம் அறிவித்த வரிசையை மாற்றாது. அதனால் டி-யை அதன் அலைன்மென்ட் (முகவரி எந்த எண்ணின் மடங்காக இருக்க வேண்டும் என்பது) எல்லையில் வைக்க முன்னால் ஒரு இடைவெளி, ஸ்ட்ரக்டின் மொத்த அளவைச் சரிக்கட்டப் பின்னால் ஒரு இடைவெளி என்று இரண்டு பக்கமும் வீணாகிறது. ரஸ்ட் கம்பைலர் உறுப்புகளை இடம் மாற்றி அடுக்கிக்கொள்கிறது. ரெப்ர்-சி (அறிவித்த வரிசையிலேயே அடுக்கச் சொல்லும் குறிப்பு) என்று குறித்துவிட்டால், எட்டு பைட் எண்ணுக்கு அதுவும் சி மொழி போலவே 24 பைட் எடுக்கும். ஆகவே டி-யின் அளவோடு 2 கூட்டினால் போதும் என்று கையால் கணக்குப் போட்டு நெட்வொர்க் பாக்கெட்டைப் பிரிக்கும் நிரல், ஒரு பைட் டைப்பில் சோதித்தபோது சரியாக வரும், எட்டு பைட் டைப்பில் சிதறும்.

அளவு தெரியாத டி-யைச் சமாளிக்க மொழிகள் பிடித்த வழிகள் வேறுவேறு. ரஸ்ட்டும் சி++-உம், எந்தெந்த டைப்பில் அழைக்கிறோமோ அந்தந்த டைப்புக்குத் தனித்தனி மெஷின் கோடு எழுதுகின்றன. இதனால் வேகம் கிடைக்கும். நிரலின் பருமனும் கம்பைல் ஆகும் நேரமும் ஏறும். ஜாவா 2004-இல் ஐந்தாம் பதிப்பில் ஜெனரிக்ஸைக் கொண்டுவந்தபோது, டைப் தகவலைக் கம்பைல் முடிந்ததும் அழித்துவிட்டு எல்லாவற்றையும் ரெஃபரன்ஸாக (மதிப்பு இருக்கும் இடத்தைச் சுட்டும் முகவரியாக) வைத்துக்கொண்டது. ரெஃபரன்ஸ் எதைச் சுட்டினாலும் அளவு ஒன்றுதான். அதற்குக் கொடுத்த விலை, லிஸ்டுக்குள் இன்ட் என்று எழுத முடியாது, இன்டிஜர் ஆப்ஜெக்டாகத்தான் வைக்க வேண்டும். ஜாவாவை இயக்கும் 64-பிட் ஹாட்ஸ்பாட்டில் கம்ப்ரெஸ்டு பாயின்டர் (சுருக்கிய முகவரி) இயங்கும் வழக்கமான நிலையில் ஓர் இன்டிஜர் ஆப்ஜெக்ட் 16 பைட், அதைச் சுட்டும் ரெஃபரன்ஸ் 4 பைட். பத்து லட்சம் வெவ்வேறு எண்களுக்கு ஏறத்தாழ 2 கோடி பைட் ஆகிறது. அதே எண்கள் சாதாரண இன்ட் அர்ரேயில் 40 லட்சம் பைட்டில் அடங்கிவிடும். இதைச் சரிசெய்ய முனையும் வல்ஹல்லா திட்டம் 2014-இல் தொடங்கியது. அழித்துவிட்ட அளவைத் திரும்பக் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பதை அதன் நீளமே காட்டுகிறது.

சி#-க்கு 2005-இல் ஜெனரிக்ஸ் வந்தபோது இரண்டையும் கலந்தார்கள். ரெஃபரன்ஸ் டைப்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே கோடு, இன்ட் போன்ற வேல்யூ டைப்புகளுக்குத் தனித்தனிக் கோடு. 2022 மார்ச்சில் 1.18 பதிப்பில் ஜெனரிக்ஸைச் சேர்த்த கோ மொழியும் கிட்டத்தட்ட இந்த வழிதான். அடிப்படை டைப் ஒன்றாக உள்ளவை ஒரு குழு, பாயின்டர்கள் அனைத்தும் ஒரு குழு. குழுவுக்கு ஒரு கோடு. குழுவுக்குள் எந்த டைப் என்று சொல்ல ஒரு டிக்ஷனரி மறைவாக உடன் அனுப்பப்படும்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது ஸ்விஃப்ட் எடுத்த வழி. தனித்தனியாகப் பிரித்து எழுத முடியாத இடத்தில், ஒரே கோடை எழுதிவிட்டு, டி-யின் அளவு, அலைன்மென்ட், நகலெடுக்கும் ஃபங்ஷன், அழிக்கும் ஃபங்ஷன் ஆகியவை அடங்கிய ஒரு அட்டவணையை ஓடும்போது கையில் கொடுக்கிறது. ஸ்டாக்கில் எவ்வளவு ஒதுக்குவது என்பதை அந்த அட்டவணையைப் படித்துத்தான் முடிவெடுக்கிறது. தனியாகக் கம்பைல் செய்யப்பட்ட நூலகம், தான் பிறந்த பிறகு உருவான டைப்பையும் கையாள இதுவே காரணம். இதில் ஒரு பள்ளம் உண்டு. ஸ்விஃப்டில் அளவு வேறு, ஸ்ட்ரைட் (ஓர் உறுப்பின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை உள்ள பைட்) வேறு. ஓர் இன்ட்டும் அதையடுத்து ஒரு பூலும் உள்ள ஸ்ட்ரக்டின் அளவு 9 பைட், ஸ்ட்ரைட் 16 பைட். பத்து உறுப்புகளுக்கு மெமரியை நேரடியாக ஒதுக்கும்போது அளவைப் பத்தால் பெருக்கி 90 பைட் கேட்டால், ஆறாவது உறுப்பு 80-ஆவது பைட்டில் தொடங்கி, அதோடு சரி. மற்றவை ஒதுக்கிய இடத்துக்கு வெளியே போய் அடுத்தவர் மெமரியில் எழுதும். ஸ்ட்ரைடைப் பெருக்கி 160 பைட் கேட்க வேண்டும். சி++-இலும் ரஸ்ட்டிலும் அளவே அலைன்மென்ட்டின் மடங்காக இருப்பதால் இந்தப் பிரச்சினை எழாது. அங்கிருந்து வருகிறவர்கள்தான் இங்கே விழுகிறார்கள்.

இனி, மாணவர்கள் அதிகம் தடுமாறும் ரஸ்ட். அதில் ஒரு ஜெனரிக் பாராமீட்டரை அறிவித்தாலே, நாம் எழுதாமலேயே சைஸ்டு என்ற நிபந்தனை அதனுடன் ஒட்டிக்கொள்கிறது. அதாவது, டி-யின் அளவு கம்பைல் செய்யும்போதே தெரிந்தாக வேண்டும். அளவு தெரியாத டைப்புகள் சில உண்டு. அவற்றில் முக்கியமானது எஸ்டிஆர் எனப்படும் எழுத்துச்சரம். ரஸ்ட் சரங்கள் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் இருக்கும். அதில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட். அ என்ற சரம் 3 பைட். தமிழ் என்ற சரத்தில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள் இருப்பதால் 15 பைட். வணக்கம் என்பதில் ஏழு குறிகள், 21 பைட். மூன்றுக்கும் டைப் ஒன்றுதான், அளவு மூன்று விதம். ஆகவே அந்த டைப்புக்கென்று ஓர் அளவைக் கம்பைலரால் சொல்ல முடியாது. ஸ்லைஸும் (அர்ரேயின் ஒரு தொடர் பகுதி) அப்படித்தான். டைன் போட்டு எழுதும் ட்ரெய்ட் ஆப்ஜெக்டும் அப்படித்தான் (ட்ரெய்ட் என்பது ஒரு டைப் தர வேண்டிய மெத்தட்களின் பட்டியல்; அதை நிறைவேற்றும் எந்த டைப்பும் இங்கே வரலாம்).

இவற்றை ரெஃபரன்ஸ் வழியாகத்தான் தொட முடியும். அந்த ரெஃபரன்ஸ் சாதாரண 8 பைட் பாயின்டர் இல்லை, 16 பைட். முதல் 8 பைட்டில் முகவரி. அடுத்த 8 பைட்டில், எஸ்டிஆர், ஸ்லைஸ் என்றால் நீளம். ட்ரெய்ட் ஆப்ஜெக்ட் என்றால் விடேபிளின் (அந்த டைப்புக்கான ஃபங்ஷன் அட்டவணையின்) முகவரி. விடேபிளில் அழிக்கும் ஃபங்ஷனோடு டைப்பின் அளவும் அலைன்மென்ட்டும் இருக்கும், பிறகு மெத்தட்கள். ஸ்விஃப்ட் எல்லா ஜெனரிக் டைப்புக்கும் வைத்திருக்கும் அட்டவணையை, ரஸ்ட் நாம் டைன் என்று கேட்ட இடத்தில் மட்டும் தருகிறது.

இப்போது வகுப்பில் அன்றாடம் வரும் பிழையைப் பார்க்கலாம். அச்சிடு என்று ஒரு ஃபங்ஷன். டி-க்கு டிஸ்ப்ளே (அச்சிடத் தக்கது என்ற ட்ரெய்ட்) நிபந்தனை. பாராமீட்டர் டி-யின் ரெஃபரன்ஸ். அதை வணக்கம் என்ற சரத்தைக் கொடுத்து அழைத்தால் இ0277 வந்து நிற்கும். சரத்தின் டைப் எஸ்டிஆரின் ரெஃபரன்ஸ். ரெஃபரன்ஸை உரித்தால் டி என்பது எஸ்டிஆர். அதற்கு அளவு கிடையாது. எழுதாத சைஸ்டு நிபந்தனை இங்கே இடிக்கிறது. பலர் செய்வது, சரத்தை ஸ்ட்ரிங்காக மாற்றிக் கொடுப்பது. 21 பைட்டுக்காக ஹீப்பில் இடம் ஒதுக்கி நகலெடுத்து, அச்சிட்டதும் அழிப்பது அனாவசியம். ஃபங்ஷன் டி-யை ரெஃபரன்ஸ் வழியாக மட்டுமே தொடுகிறது என்றால், நிபந்தனையில் ?சைஸ்டு (அளவு தெரியாவிட்டாலும் சரி) என்று சேர்த்தால் தீர்ந்தது. கம்பைலரே பிழைச் செய்தியின் அடியில் இதைப் பரிந்துரைக்கிறது. செய்தியை முழுதும் படிக்கப் பழக்குவது பாதி வேலையை முடித்துவிடும்.

அதோடு நின்றால் அடுத்த பிழை காத்திருக்கிறது. அதே ஃபங்ஷனுக்குள், டி-யின் ரெஃபரன்ஸை டைன் டிஸ்ப்ளே ரெஃபரன்ஸாக மாற்ற முயன்றால் கம்பைலர் மீண்டும் மறுக்கும். டி எஸ்டிஆராக இருக்கலாம் என்று இப்போது சொல்லிவிட்டோம். அதன் ரெஃபரன்ஸில் இரண்டாவது 8 பைட் ஏற்கெனவே நீளத்துக்குப் போய்விட்டது. விடேபிள் முகவரியை வைக்க மூன்றாவது இடம் இல்லை. இதற்கு வழி, ரெஃபரன்ஸுக்கே இன்னொரு ரெஃபரன்ஸ் எடுத்துக் கொடுப்பது. டி-யின் ரெஃபரன்ஸுக்கும் டிஸ்ப்ளே உண்டு, அதன் அளவும் கம்பைலருக்குத் தெரியும். எந்த இடத்தில் எத்தனை பைட் என்று காகிதத்தில் வரைந்து காட்டினால் மாணவர்கள் இதைப் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். விதியாக மனப்பாடம் செய்யச் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

மற்ற இடங்களும் இதே கணக்குதான். வெக்டருக்குள் (நீளக்கூடிய அர்ரே) எஸ்டிஆரை நேரடியாக வைக்க முடியாது, ஏனென்றால் ஓர் உறுப்பிலிருந்து அடுத்த உறுப்புக்கு எத்தனை பைட் தாண்டுவது என்று தெரியாது. பாக்ஸும், ஒரு மதிப்பைப் பலர் பகிர உதவும் ஆர்சி, ஆர்க் இரண்டும் ?சைஸ்டு ஏற்கும், அவை சுட்டுவது ஒன்றை மட்டுமே. ஸ்ட்ரக்டில் அளவு தெரியாத உறுப்பு கடைசியாக மட்டும் வரலாம். நடுவில் வந்தால் பின்னால் உள்ளவை எங்கே தொடங்கும் என்று சொல்ல வழியில்லை. ஸ்ட்ரிங்கைச் சாவியாகக் கொண்ட ஹாஷ்மேப்பில் வெறும் எஸ்டிஆர் ரெஃபரன்ஸைக் கொடுத்துத் தேட முடிவதும், கெட் மெத்தடில் நூலகத்தார் ?சைஸ்டு எழுதி வைத்திருப்பதால்தான். நகலெடுப்பதற்கான குளோன் ட்ரெய்ட் சைஸ்டைக் கட்டாயமாக்குவதால் டைன் குளோன் என்று எழுத முடியாது, இ0038 என்ற பிழை வரும்.

தொடரில் நிச்சயம் இடம்பெற வேண்டிய இன்னொன்று, அளவுக்கு நாமே வரம்பு வைப்பது. டி 16 பைட்டுக்கு மேல் போகக் கூடாது என்று எப்படிச் சொல்வது? சி++11-இல் ஸ்டாட்டிக் அசெர்ட்டை (கம்பைல் செய்யும்போதே நடக்கும் சோதனை) டெம்ப்ளேட்டின் (சி++-இல் ஜெனரிக்ஸின் பெயர்) உடலுக்குள் எழுதலாம். வரம்பு மீறினால் கம்பைல் நிற்கும். ஆனால் ஒரே பெயரில் பல ஃபங்ஷன்கள் இருக்கும்போது எதை அழைப்பது என்று கம்பைலர் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் உடலுக்குள் உள்ளது கண்ணில் படாது. பெரிய டைப்புக்கென்று வேறொரு ஃபங்ஷன் எழுதி வைத்திருந்தும், தவறானதைத் தேர்ந்தெடுத்து அங்கே போய் முட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சி++20-இல் ரிக்கொயர்ஸ் என்று அறிவிப்பிலேயே வரம்பை எழுதினால், பொருந்தாத ஃபங்ஷன் போட்டியிலிருந்தே விலகிவிடும். வேறு எதுவும் பொருந்தவில்லை என்றால் அழைத்த வரியிலேயே பிழை காட்டும். நூலகம் எழுதுபவர்கள் இரண்டாவதையே பழக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ரஸ்ட்டில் அளவுக்கு where என்ற நிபந்தனைப் பகுதியில் வரம்பு எழுத நிலையான பதிப்பில் வழியில்லை. 2024 ஜூனில் வந்த 1.79 முதல், ஃபங்ஷன் உடலுக்குள் கான்ஸ்ட் என்ற தொகுதியில் அசெர்ட் எழுதலாம். அது டி-க்குப் பதில் உண்மையான டைப் வந்து உட்காரும்போதுதான் கணக்கிடப்படும். அதனால் கார்கோ செக் (மெஷின் கோடு எழுதாமல் சரிபார்க்க மட்டும் செய்யும் கட்டளை) ஓட்டினால் பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது, கார்கோ பில்ட் ஓட்டினால் பிழை வரும். தானியங்கிச் சோதனையில் செக் மட்டும் வைத்திருக்கும் குழுக்கள் இதைக் கவனிக்க வேண்டும். 32-பிட் இலக்குக்கும் தனியாக பில்ட் செய்து பார்க்க வேண்டும். 64-பிட்டில் 24 பைட் எடுக்கும் ஸ்ட்ரிங், 32-பிட் வெப்அசெம்பிளியில் 12 பைட்தான். ஒரே வரம்பு ஓரிடத்தில் விட்டுவிடும், இன்னோரிடத்தில் தடுக்கும்.

அர்ரே நீளத்தை ஜெனரிக் பாராமீட்டராக வைக்க 2021 மார்ச்சில் ரஸ்ட் 1.51 வழி செய்தது. ஆனால் அந்த நீளத்தை இரண்டால் பெருக்கி இன்னொரு அர்ரேயின் நீளமாக வைக்க நிலையான பதிப்பு இன்னும் விடுவதில்லை. டி-யின் அளவையே நீளமாக வைக்கவும் விடுவதில்லை. கோ மொழியிலும் டைப் பாராமீட்டரின் அளவு மாறிலி இல்லை, அர்ரே நீளமாக அதை எழுத முடியாது. ரஸ்ட்டின் ட்ரான்ஸ்ம்யூட் (ஒரு டைப்பின் பைட்டுகளை அப்படியே வேறு டைப்பாக மாற்றும் ஃபங்ஷன்) இதில் மிகக் கறார். இரு பக்கமும் ஒரே அளவு என்று நமக்கு உறுதியாகத் தெரிந்தாலும், ஒரு பக்கத்தின் அளவு டி-யைப் பொறுத்தது என்றால் இ0512 என்று தள்ளிவிடும். இந்தக் கறாரை நாங்கள் வரவேற்கிறோம். அளவு பொருந்தாத மாற்றம் உள்ளே புகுந்தால் விளைவு எங்கோ தொலைவில், சம்பந்தமே இல்லாத வரியில் வெடிக்கும்.

அளவே முடிவில்லாமல் போகும் நிலையும் உண்டு. தன்னைத்தானே நேரடியாக உள்ளடக்கும் டைப்பை ரஸ்ட் இ0072 என்று மறுக்கும். பாக்ஸ் உண்மையிலேயே தேவைப்படுவது இங்கேதான். நான்கு பைட் எண்ணும் அடுத்த கணுவுக்கு ஒரு பாக்ஸும் உள்ள பட்டியல் 16 பைட்டில் நின்றுவிடும். பாக்ஸ் ஒருபோதும் பூஜ்ஜிய முகவரியாக இருக்காது என்பதால், பட்டியல் முடிந்தது என்ற செய்தியை அந்த இடத்திலேயே கம்பைலர் பதிந்துகொள்கிறது. ஒரு ஜெனரிக் ஃபங்ஷன் தன்னை டி-யைவிடப் பெரிய டைப்பில் அழைத்துக்கொண்டே போனால், டைப்புக்கு ஒரு கோடு எழுதும் மொழிகளில் கம்பைலர் நிற்கவே நிற்காது. அதனால் எத்தனை அடுக்கு போகலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்: ரஸ்ட்டில் 128, சி++ கம்பைலர்களான ஜிசிசி-யில் 900, கிளாங்கில் 1024. அந்தப் பிழை வந்தால் வரம்பை உயர்த்துவதற்கு முன், எந்த அழைப்பில் டைப் வளர்கிறது என்று தேட வேண்டும். ஜாவாவில் இதே ஃபங்ஷன் சிக்கலின்றிக் கம்பைல் ஆகும், அங்கே எல்லா டி-க்கும் கோடு ஒன்றுதான்.

சி++-இல் யுனிக் பாயின்டரைக் (தான் சுட்டுவதைத் தானே அழிக்கும் பாயின்டர்) கொண்டு உள் அமைப்பை மறைப்பவர்கள் சந்திக்கும் பிழையும் அளவைப் பற்றியதே. ஹெடரில் கிளாஸின் பெயரை மட்டும் அறிவித்துவிட்டு டிஸ்ட்ரக்டரை (ஆப்ஜெக்டை அழிக்கும் ஃபங்ஷன்) எழுதாமல் விட்டால், கம்பைலர் அதைத் தானே உருவாக்கும். அந்த இடத்தில் உள் கிளாஸ் முழுமை பெறவில்லை, சைஸ்ஆஃப் (அளவைக் கேட்பது) செல்லாது என்று நின்றுவிடும். டிஸ்ட்ரக்டரை ஹெடரில் அறிவித்து, உள் கிளாஸின் வரையறைக்குக் கீழே, சிபிபி கோப்பில் டிஃபால்ட் என்று எழுதினால் சரியாகும். ஷேர்டு பாயின்டரில் இது வராது. அழிக்கும் வழியை அது உருவாகும்போதே சேமித்து வைத்துக்கொள்கிறது.

தொடரின் அடுத்த பகுதியில் இடமிருந்தால் 64-பிட் கணினிக்கான இந்தச் சில எண்களையாவது அச்சிட வேண்டுகிறோம்: ரஸ்ட்டில் ஸ்ட்ரிங் 24 பைட், எந்த டி-க்கும் வெக்டர் 24, எஸ்டிஆர் ரெஃபரன்ஸ் 16, பாக்ஸ் டைன் 16, சாதாரண டைப்பின் பாக்ஸ் 8, அதை ஆப்ஷனுக்குள் (மதிப்பு இல்லாமலும் இருக்கலாம் என்று சொல்லும் டைப்) வைத்தாலும் 8, எட்டு பைட் எண்ணை ஆப்ஷனுக்குள் வைத்தால் 16. சைஸ்_ஆஃப் ஃபங்ஷனை அழைத்து வாசகர்கள் தங்கள் கணினியிலேயே இவற்றைச் சரிபார்க்கலாம்.

இப்படிக்கு,
நிரல் மொழிகள் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருவர்,
கோயம்புத்தூர்